மேட்ச்சிங் ஜெனிட்டாவும் மாடிப்படிக் கேட்டும்

ஜெனிட்டா நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னாலே அவளைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி. தெருமுனையில் ஐந்து குட்டிகள் கிடந்தன. அவள் புருஷன் ஜெரோம், துள்ளிக்கொண்டு ஓடிவந்த கறுப்புக் குட்டியைத் தூக்கினான்.

"அது வேணாம் மாமா. நம்ம சோபா பிரவுனு. முடி கொட்னா பளிச்சுனு தெரியும்" என்று சொல்லிவிட்டு, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த காபிப்பொடி நிறக் குட்டியை ஜெனிட்டா எடுத்துவந்தாள். அது இன்றுவரை தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வேலை எதுவும் பார்க்காமல் வருகிறவர் போகிறவர்மேல் மட்டும் குரைக்கிறதே என்று ஜெரோம் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தான்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈசிஆர் ஓரத்து ரிசார்ட் ஒன்றில் ஜெனிட்டாவுக்கு வேலை. துண்டு மடிக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள், இப்போது ரூம் சூப்பர்வைசர். கதவைத் திறந்த உடனே, அந்த அறையில் எது தப்பாக இருக்கிறதோ அதன்மேல்தான் அவள் கண் போய் உட்காரும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட, பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையும் பையும் ஒத்துப்போகவில்லை என்றால் இறங்குகிறவரை அவளுக்கு நிம்மதி கிடையாது. ரிசார்ட்டில் மேட்ச்சிங் ஜெனிட்டா என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். அவள் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டாள்.

செய்யூர்ப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் ஒரே மாதிரி இரண்டு தட்டு கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர்கள். வீட்டுத் தட்டுகள் எல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். பள்ளிக்கூடம் முடிக்கிறவரை ஜெனிட்டா 'கோதண்டராமன் – சம்பூர்ணம் திருமண நினைவாக' என்ற தட்டில்தான் சாப்பிட்டாள். அந்த இரண்டு பேரும் யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரே மாதிரி ஆறு தட்டு. பெயர் வெட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "பேரு கீரு வெட்னீங்கன்னா தட்டே வேணாம், நீங்களே வச்சிக்கங்க" என்றாளாம்.

இப்படிப்பட்டவள் வீடு எப்படி இருக்கும்? செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கத்துச் சந்தில் மாடி வீடு. கீழே ஜெரோமின் அக்கா மேரி, தையல் மிஷினோடு இருக்கிறாள். மேலே இவர்கள். சுவர் சந்தன நிறம், கதவு தேக்கு பாலிஷ், திரை காபி நிறம். துணிக் கிளிப் முதல் குளியலறைச் சொம்பு வரை எல்லாம் ஒரே குடும்பம். ஒத்துப்போகாத பொருள் ஒன்றே ஒன்றுதான், குழந்தை ரூத். அவள் எந்த நிறத்துக் கவுன் போட்டாலும் பத்து நிமிஷத்தில் அது சாம்பார் நிறத்துக்கு வந்துவிடும்.

ரூத் நடக்க ஆரம்பித்ததும் தகராறு தொடங்கியது. ஹாலிலிருந்து மாடிப்படி நேராக மேரியின் தையல் மிஷினைப் பார்த்து இறங்கும். மேல்படியில் கதவும் இல்லை, தடுப்பும் இல்லை. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியின் தூண், இன்னொரு பக்கம் ஜன்னல் வைத்த சுவர். மேனேஜருக்கு இரண்டாவது படிதான் படுக்கை. ரூத்துக்கு மேனேஜர் இருக்கிற இடம்தான் உலகம். நாயைத் தேடிக்கொண்டு அவள் படிவிளிம்புக்குப் போய் நின்றால் கீழேயிருந்து மேரி அலறுவாள்.

"ஏய் ஜெனி! வந்துகினு கீறாடி உன் பொண்ணு! புடி! புடி!"

"ஒரு கேட்டு போட்டுட்டா முடிஞ்சிது" என்றான் ஜெரோம். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறவன் அவன். ஆன்லைன் தள்ளுபடியில் புதிதாக ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கியிருந்தான். வாங்கிய நாளிலிருந்து சுவரைப் பார்த்தாலே அவன் கை அரிக்கும். சாவி மாட்ட ஓட்டை, காலண்டருக்கு ஓட்டை, எதற்கென்று பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓட்டை.

இந்த இடத்தில்தான் ஜெனிட்டாவுக்குச் சிக்கல். யாருக்கும் தெரியாது, ஆனால் அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை இருந்தது.

பிள்ளை உண்டான வீட்டில் சுவரைத் துளைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, நிலைவாசலைத் தொடக் கூடாது. அவள் பிறந்த ஊரில் சர்ச்சுக்குப் போகிற வீட்டிலும் இதுதான் வழக்கம், போகாத வீட்டிலும் இதுதான் வழக்கம். ஜெனிட்டா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டவள் இல்லை. ஆனால் ரூத்துக்கு முன்னால் ஒன்று தங்கியிருந்தது. மாடிப்படி பக்கத்து ஜன்னலுக்குச் சுவரைத் துளைத்துப் பாதுகாப்புக் கம்பி மாட்டிய அதே வாரத்தில் அது போய்விட்டது. டாக்டர் அதற்கு வேறு காரணம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அப்புறமும் அந்த ஜன்னலைத் துடைக்கிறபோதெல்லாம் கம்பியை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவாள்.

ஜெரோமிடம் சொல்லலாம்தான். அந்த முதல் தடவை, தெரிந்த அன்றைக்கே அவன் ஷிப்ட் முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டான். அப்புறம் ஒவ்வொருவனாகப் பார்த்து, "இல்லடா மச்சான், நிக்கல" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவனை இன்னொரு தடவை அப்படி நடக்கவிட அவளுக்கு மனசில்லை. மூன்று மாதம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, போன வருஷம்தான் சர்ச் வாலிபர் கூட்டத்தில், சகுனம் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று அவன் மைக் பிடித்துப் பேசியிருந்தான். கைதட்டலில் ஜெனிட்டாவுடையதுதான் பெரிய சத்தம்.

ஆக, படியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. ஒன்றுக்குக் கேட்டு வேண்டும். இன்னொன்றுக்கு ஓட்டை கூடாது. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. அவள் கையில் இருந்தது ஒரே ஆயுதம்: மேட்ச்சிங்.

முதல் கேட்டு, ஜெரோமின் நண்பன் பரணிதரன் வெல்டிங் பட்டறையில் அடித்துக்கொடுத்தது. கனமான இரும்பு. சில்வர் பெயின்ட். மேலே ஈட்டி முனைகள் வேறு. அதைத் தூக்கி வந்து ஹாலில் வைத்ததும் மேனேஜரே எழுந்து உட்கார்ந்தது.

"இன்னா மாமா இது? டேசன் லாக்கப்பு மாதிரி கீது" என்றாள் ஜெனிட்டா.

"ஸ்ட்ராங்கா கீதுல்ல?"

"வூட்ல கீறது கொயந்தையா, கைதியா? அந்த ஈட்டில அவ கண்ண குத்திகினா இன்னா பண்ணுவ? சில்வர் கலரு வேற. நம்ம ஹாலுக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம் சொல்லு?"

ஈட்டி விஷயம் நியாயமாக இருந்ததால் கேட்டு திரும்பிப் போனது. அது இப்போது பரணிதரன் வீட்டு வாசலில் நிற்கிறது. அங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆன்லைனில் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக். வரிசையாக மஞ்சள் கரடிகள். கூடவே ஒரு சின்னக் கவரில் திருகாணிகள். ஜெனிட்டா முதலில் பார்த்தது அந்தக் கவரைத்தான்.

"கரடி நல்லால்ல" என்றாள்.

"கரடிக்கு இன்னா கொற?"

"மொறைக்குது பாரு. பச்ச மஞ்சளு. நம்ம திரைக்குக் கீழ இத வச்சா வூடு பால்வாடி மாதிரி ஆயிடும். வர்றவங்கல்லாம் முட்ட குடுப்பாங்களான்னு கேப்பாங்க."

"ஜெனி, கொயந்த வியப் போறா, நீ கலரு பாத்துகினு கீற!"

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கரடிகளைத் திரும்ப அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள்.

மூன்றாவதை அவளே கொண்டுவந்தாள். ரிசார்ட்டில் குழந்தையோடு வருகிற விருந்தாளிகளுக்கென்று சில தடுப்புகள் உண்டு. இரண்டு பக்கத்துத் திருகையும் சுற்றினால் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும், ஓட்டையே வேண்டாம். கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல மரநிறம். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஜெரோம் அதை மேல்படியில் இறுக்கிவிட்டு முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினான். ஒரு பக்கம் உருண்டைத் தூண், பிடிமானம் இல்லை. கேட்டு சறுக்கிக்கொண்டு போய் மூன்றாவது படியில் விழுந்தது. மேனேஜர் மயிரிழையில் தப்பித்தது.

"நான் சொல்றதக் கேளு ஜெனி. இந்த மாதிரி இறுக்கி வைக்கிறதெல்லாம் ரெண்டு பக்கமும் சொவுரு கீற எடத்துக்கு ஓகே. படிக்கு மேல வச்சா, கொயந்த சாஞ்சான்னா கேட்டோட சேந்து போவா. இங்க சொவுத்துல புடிச்சாதான் நிக்கும்."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பேஜாராக இருந்தது. அந்தத் தடுப்பு சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே கச்சிதமாக நின்று, ஆட்டா பிசைகிற நேரத்தில் மேனேஜரை வெளியே நிறுத்தியது. மாடிப்படி பழையபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

தற்காலிகமாக ஒரு அரிசி மூட்டையையும் இரண்டு சூட்கேஸையும் மேல்படியில் அடுக்கினார்கள். ஒருநாள் காலையில் ஜெரோம் ஷிப்ட்டுக்குப் போன பிறகு, ஜெனிட்டா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். கீழே சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் குழாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், ரூத் அரிசி மூட்டைமேல் குதிரை ஏறியிருந்தாள். ஒரு கால் அந்தப் பக்கம். கையில் பாதி பிஸ்கட். இரண்டாவது படியில் தூங்குகிற மேனேஜரை, "ஏஜ்ஜூ... ஏஜ்ஜூ..." என்று கூப்பிட்டபடி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

ஜெனிட்டா கத்தவில்லை. கத்தினால் குழந்தை திரும்பும், திரும்பினால் விழும். நான்கு எட்டில் போய்க் கவுனைப் பின்னாலிருந்து பிடித்தாள். பிஸ்கட் மட்டும் விழுந்தது. மேனேஜர் கண்ணைத் திறக்காமலேயே அதைத் தின்றது.

தரையில் உட்கார்ந்து ரூத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள். அடுத்து எந்தக் கேட்டு வந்தாலும் சரி என்று சொல்லிவிட வேண்டும், கரடியே ஆனாலும் சரி என்று நினைத்தாள். நினைத்த கையோடு ஜன்னல் கம்பி கண்ணில் பட்டது. அங்கேயே நினைப்பு நின்றுபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் சர்ச்சிலிருந்து தாமதமாக வந்தான். பரணிதரனும் அவனும் சேர்ந்து ஒரு மரச்சாமானைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மூச்சு வாங்க அதை ஹாலில் நிறுத்தியதும் ஜெனிட்டாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அது அவர்கள் சபையின் பலிபீடக் கிராதி. திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் போய் முழங்கால் போடுகிற அந்த மரக் கைப்பிடி வரிசையின் நடுத்துண்டு. பாஸ்டர் போய்வர இரண்டு குட்டிக் கதவுகளும் அதிலேயே இருந்தன. சர்ச்சைப் புதுப்பித்து எவர்சில்வரில் மாற்றியதால் பழையதை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். உருட்டுக் கடைசல் கால்கள். தேக்கு. பல வருஷக் கைகள் பட்டு மேல்கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. ஜெனிட்டாவின் கல்யாணத்தன்று இதே கட்டையில்தான் அவள் கையை ஊன்றிக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

"இப்ப சொல்லு" என்றான் ஜெரோம், இடுப்பில் கை வைத்து. "கதவு கலரு தேக்கு, இதுவும் தேக்கு. உசரம் கரெக்டு. நடுவுல தொறந்து மூடிக்கலாம். ஈட்டி இல்ல. கரடி இல்ல. இன்னா கொற?"

ஜெனிட்டா அதைச் சுற்றி வந்தாள். எவ்வளவு தேடியும் குறை கிடைக்கவில்லை. அவள் ஆயுசில் அந்த ஹாலுக்கு இவ்வளவு பொருத்தமான சாமானைப் பார்த்ததே இல்லை.

"சோக்கா கீது மாமா" என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்பாடா! சாப்டுட்டு மாட்டிர்றேன்."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டிரில்லிங் மிஷினின் குட்டிச் சாவியைக் காணோம். அது இல்லாமல் முனையை இறுக்க முடியாது. ஜெரோம் சோபாவுக்கு அடியில் தேடினான், பெட்டியைக் கவிழ்த்தான், மேனேஜரின் வாயைத் திறந்துகூடப் பார்த்தான். சாவி அரிசி மூட்டைக்குள் இருந்தது. போட்டவளும் கூடவே குனிந்து, "இங்கதான மாமா வச்ச?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து மேரி, "டேய் ஜெரோமு, சீக்கிரம் போடுடா! நாளைக்கு கார்பெண்டரு பன்னீர்செல்வம் வர்றாரு. நூல்கண்டு வைக்க எனக்குப் பலக அடிக்கணும். அவருகிட்டயே குடுத்துருப்பேன் இந்த வேலைய, உன்ன நம்பினேன் பாரு!" என்றாள்.

ரோஷம் வந்த ஜெரோம் பரணிதரனுக்கு போன் போட்டான். பரணிதரன் பைக்கில் வந்து வேறொரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஜெனிட்டா ஒளித்துவைக்க இனி எதுவும் இல்லை.

சுவரில் பென்சிலால் நான்கு குறி போட்டான் ஜெரோம். பிளக்கைச் செருகினான். மிஷின் ஒருதரம் 'ர்ர்ர்' என்று உறுமிப் பார்த்தது. முனையைக் குறியில் வைக்கப் போனபோது அங்கே ஜெனிட்டாவின் உள்ளங்கை இருந்தது.

"ஏய்! கை போயிடும்! இன்னா பண்ற நீ?"

"ஓட்ட போடாத மாமா."

"ஏன்? மேட்ச் ஆவலியா?"

"ஆவுது."

"அப்புறம் இன்னாதான் உன் பிரச்சன?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவனும் பார்த்தான். திரை துவைத்துத் தொங்கியது, கண்ணாடி பளபளத்தது, கம்பியில் மட்டும் தூசி ஏறியிருந்தது. மேட்ச்சிங் ஜெனிட்டா வீட்டில் தூசி. மிஷினைப் பிடித்திருந்த அவன் கை மெதுவாக இறங்கியது.

"எப்பலருந்து?" என்றான்.

"லாக்கப்பு கேட்டு வந்தப்பவே."

"அடிப்பாவி. கரடி பாவம், அதப் போயி மொறைக்குதுன்ன."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நான் இதெல்லாம் நம்பல மாமா" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

"நம்பலதான். ஆனா போடாத."

"நானும் நம்பல" என்றான் ஜெரோம். சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, மிஷினைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தூக்கி லாஃப்டில் போட்டான்.

"இன்னாடா, மிஷின் சத்தத்தையே காணோம்?" என்று கீழேயிருந்து மேரி கேட்டாள்.

"கரண்டு போச்சிக்கா!" என்றான் ஜெரோம். அவன் தலைக்குமேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு கீழ கீதேடா!"

"மேல இல்ல!"

கீழே தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஜெரோம் பைக் கேரியரில் கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்துவந்தான். மாமல்லபுரத்தில் வலைச்சாமான் கடையில் வாங்கியது. கிளிப்பச்சை, நடுவில் ஆரஞ்சுக் கோடு. ரோட்டில் போகிற கண்ணெல்லாம் அதன்மேல்தான் விழும். படிக்கிற வயதில் லீவு விட்டால் சவுக்குக் கட்டை லாரியில் லோடு கட்டப் போனவன் அவன். கிராதியின் ஒரு காலைக் கைப்பிடித் தூணோடு சேர்த்து மேலும் கீழும் சுற்றி, காலால் உதைத்துக்கொண்டு இழுத்து, லாரி முடிச்சுப் போட்டான். அடுத்த காலை எதில் கட்டுவது? அந்தப் பக்கம் இருந்தது ஜன்னல் கம்பி மட்டும்தான்.

அவன் ஜெனிட்டாவைப் பார்த்தான். அவள் ஈரத்துணியை எடுத்துவந்து கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். "இப்ப கட்டு" என்றாள்.

கட்டி முடித்துவிட்டு முழங்காலால் தள்ளினான், தோளால் தள்ளினான், கடைசியில் தானே ஏறி உட்கார்ந்து ஆடினான். கிராதி அசையவில்லை. நடுக்கதவை மூடிக் கொக்கி போட்டதும் ரூத் தள்ளாடி வந்து மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மேனேஜரைப் பார்த்து வாயைத் திறந்தாள். திருவிருந்துக்கு நிற்பவள் மாதிரியே இருந்தது. மேனேஜர் பாஸ்டர் மாதிரி இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேரி, ஊசி குத்திய ஜாக்கெட்டோடு மேலே ஏறி வந்தாள். கரண்டு விஷயத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தாள். ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். சுவரில் பென்சில் குறிகள் இருந்தன, ஓட்டை ஒன்றுகூட இல்லை. அப்புறம் அந்தக் கிளிப்பச்சைக் கயிற்றைப் பார்த்தாள். தேக்குமேல் அது கல்யாண வீட்டில் கத்துகிற குழாய் ரேடியோ மாதிரி இருந்தது.

"இன்னாடி ஜெனி இது? மேட்ச்சே இல்லியே" என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி. நல்லாத்தான் கீது."

மேரி அவளையே பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அவன் காரணமே இல்லாமல் மேனேஜரின் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். மேரி ரூத்தின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, கிராதிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் பன்னீர்செல்வம் பலகையும் சுத்தியலுமாக வந்து நின்றார். ஜெனிட்டா வேலைக்குக் கிளம்பித் தலைசீவிக்கொண்டிருந்தாள். கீழே பேசுவது படி வழியாக நன்றாகக் கேட்டது.

"எந்தச் சொவுத்துலம்மா அடிக்கணும்?"

"இப்ப வேணாம் அண்ணே. போயிட்டு அப்பால வாங்க."

"அப்பாலன்னா? நாளைக்கு வரட்டா?"

"கிறிஸ்மஸ் முடியட்டும்."

"இன்னாம்மா நீ! இப்பதான் கத்திரியே ஆரம்பிச்சிருக்குது, கிறிஸ்மஸுங்கிற. நூல்கண்டெல்லாம் எங்க வைப்ப?"

"தரையிலயே கெடக்கட்டும்" என்றாள் மேரி. பிறகு படியைப் பார்த்துத் திரும்பிக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்: "இந்த வூட்ல இப்பத்திக்கு ஒரு ஆணியும் எறங்காது அண்ணே."